டயாலிசிஸில் இறங்கும் இரத்த அளவு: கருவியை நம்புவதா, நேரத்தைக் கூட்டுவதா, உப்பைக் குறைப்பதா?

60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ 4.2 லிட்டர். சிறுநீர் அறவே நின்றுபோன அவர், இரண்டு நாள் இடைவெளியில் 3.5 கிலோ கூடி டயாலிசிஸுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்துக்குள் அந்த 3.5 லிட்டரையும் எடுத்தாக வேண்டும். ஆனால் டயலைசர் என்னும் வடிகட்டி நேரடியாக நீரை எடுப்பது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து மட்டுமே. அந்தப் பிளாஸ்மாவோ மொத்தம் மூன்று லிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். இருப்பதைவிட அதிகமாக எடுத்த பிறகும் பெரும்பாலானோர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். எடுக்க எடுக்க, திசுக்களுக்கிடையில் தேங்கியிருக்கும் நீர் இரத்தக் குழாய்க்குள் ஊறிவந்து இழப்பை ஈடுசெய்வதே அதற்குக் காரணம். 3.5 லிட்டர் எடுத்த பின் இரத்த அளவு பொதுவாகப் பத்து முதல் பதினைந்து சதவீதம், அதாவது அரை லிட்டர் அளவுக்கே குறைந்திருக்கும். மீதி மூன்று லிட்டரும் திசுக்களிலிருந்து வந்ததுதான்.

நீர் எடுக்கும் வேகத்துக்கு இந்த ஊற்று ஈடுகொடுக்காதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. மூன்றாவது மணி நேரத்தில் தொடர்ந்து கொட்டாவி வருகிறது, நெற்றி வியர்க்கிறது, கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி "காலை இழுக்குது சிஸ்டர்" என்கிறார் நோயாளி. பார்த்தால் 150-ல் இருந்த மேல் அழுத்தம் 90-க்கு வந்திருக்கிறது. நீர் எடுப்பதை நிறுத்தித் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி 200 மில்லி சலைன் ஏற்றுகிறார்கள். அழுத்தம் மீள்கிறது. ஆனால் எடுக்க வேண்டிய நீரில் ஒரு லிட்டர் உடலிலேயே தங்கிவிடுகிறது. ஏற்றிய 200 மில்லியில் 1.8 கிராம் உப்பும் கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. அந்த உப்பு தாகத்தைக் கிளப்ப, அடுத்த முறை அவர் நான்கு கிலோ கூடி வருகிறார். இந்தச் சுழலில் சிக்கிய குடும்பங்களுக்கு ஒவ்வொருவரும் ஒரு வழி சொல்கிறார்கள். இரத்த அளவைத் திரையில் காட்டும் இயந்திரம் உள்ள மருத்துவமனைக்கு மாறலாம், உடல் நீரை அளக்கும் கருவியால் பார்க்கலாம், டயாலிசேட்டை, அதாவது இரத்தத்தைச் சுத்தம் செய்ய இயந்திரத்தில் ஓடும் திரவத்தை, குளிர்வாக வைக்கச் சொல்லலாம், நிறையத் திரவத்தை வடித்து மாற்றும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் செய்யலாம், ஒரு மணி நேரம் கூட்டலாம், வயிற்று வழி டயாலிசிஸுக்குப் போகலாம் என்று பல யோசனைகள். செலவும் உழைப்பும் பலனும் இவற்றில் ஒன்றுக்கொன்று வேறு. எதை முதலில் எடுக்க வேண்டும், எதைப் பின்னுக்குத் தள்ளலாம் என்பதையே இங்கே ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

அதற்கு முன், ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸில் இருப்பவரின் உடல் முதல் ஆண்டில் இருந்த உடல் அல்ல என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். தொடக்கத்தில் நாளுக்கு அரை லிட்டரோ முக்கால் லிட்டரோ போய்க்கொண்டிருந்த சிறுநீர் மெல்ல மெல்ல நின்றுபோகிறது. முன்பு சிறுநீரகம் வெளியேற்றிய அந்த நீரையும் இப்போது இயந்திரமே எடுக்க வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பு படிந்து இரத்தக் குழாய்கள் விறைத்துவிடுகின்றன. இரத்த அளவு குறையும்போது சுருங்கி அழுத்தத்தைத் தாங்கும் திறன் அவற்றுக்குக் குறைகிறது. இதயத்தின் இடது அறை தடித்துப்போய், கொஞ்சம் இரத்தம் குறைவாக வந்தாலும் சரியாக நிரம்ப மறுக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இவற்றோடு அழுத்தத்தைச் சீராக வைக்கும் தன்னியக்க நரம்புகளும் பழுதாகியிருக்கும். திசுவிலிருந்து நீரைக் குழாய்க்குள் இழுத்துவைப்பதில் பெரும்பங்கு இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்துக்கு உண்டு. நாட்பட்ட அழற்சியாலும் குறைந்த சாப்பாட்டாலும் அதுவும் இறங்கியிருக்கும். அதனால்தான் ஐந்தாண்டுக்கு முன் மூன்று லிட்டரை எளிதாகத் தாங்கிய அதே மனிதருக்கு இன்று இரண்டரை லிட்டரே பாரமாகிறது. இதை "இவருக்கு வயசாயிடுச்சு" என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல.

தேர்வுகளை ஒப்பிடும்போது இரண்டு கேள்விகளைக் கலக்காமல் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு நீரை எடுப்பது என்பது முதல் கேள்வி. உலர் எடையை, அதாவது மிகுதி நீர் இல்லாதபோது இருக்கும் ட்ரை வெயிட்டை, எங்கே நிர்ணயிப்பது என்பதுதான் அது. எவ்வளவு வேகமாக எடுப்பது என்பது இரண்டாவது. கருவிகள் பெரும்பாலும் முதல் கேள்விக்கே உதவுகின்றன. நோயாளியைத் தவிக்க வைப்பதோ பெரும்பாலும் இரண்டாவது.

கருவிகளில் அதிகம் பேசப்படுவது, டயாலிசிஸ் நடக்கும்போதே இரத்த அளவு எத்தனை சதவீதம் குறைகிறது என்று திரையில் கோடாகக் காட்டும் ஏற்பாடு. உடலிலிருந்து நீர் வெளியேற வெளியேற இரத்தம் செறிவாகிறது. சில கருவிகள் ஒளியைச் செலுத்தி ஹீமட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுவதைக் கண்டும், சில கருவிகள் இரத்தத்தினூடே ஒலி அலை செல்லும் வேகத்தைக் கண்டும், இரத்தம் எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிடுகின்றன. ஊசி எதுவும் கூடுதலாகத் தேவையில்லை. கோடு மணிக்கு மூன்று சதவீதத்துக்கும் குறைவாக இறங்கினால் உடலில் இன்னும் நீர் மிச்சமிருக்கலாம் என்றும், ஆறரை சதவீதத்துக்கு மேல் சரிந்தால் ஊற்று தாங்கவில்லை என்றும், இடைப்பட்ட சரிவு ஏற்கத்தக்கது என்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. பார்ப்பதற்குத் தெளிவாக இருப்பதால் குடும்பத்தினருக்கு இதில் உடனே நம்பிக்கை வந்துவிடுகிறது.

ஆனால் இந்தக் கோடு சொல்லாத செய்தி ஒன்று உண்டு. எல்லாருக்கும் அது நூறு சதவீதத்தில்தான் தொடங்குகிறது. ஐந்தரை லிட்டர் இரத்தத்தோடு வந்தவருக்கும் நான்கு லிட்டரோடு வந்தவருக்கும் தொடக்கப் புள்ளி ஒன்றே. முன்னவர் பதினைந்து சதவீதம் இழந்தாலும் தாங்குவார். பின்னவர் எட்டு சதவீதத்திலேயே மயங்கலாம். கோடு செங்குத்தாகச் சரிந்தால் உலர் எடை நெருங்கிவிட்டது என்றும் பொருள்படும்; அல்புமின் குறைந்திருக்கிறது என்றும், வேகம் மிகுதி என்றும்கூடப் பொருள்படும். காலில் வீக்கத்தோடு வந்தவரின் கோடு சரிவதைக் கண்டு "உலர்ந்துவிட்டார்" என்று முடிவுகட்டினால் அவர் வீங்கியபடியே வீட்டுக்குப் போவார். மேலும், நடந்து வந்து கட்டிலில் படுத்த முதல் அரை மணி நேரத்தில் கால்களில் இருந்த நீர் இரத்தத்துக்குள் வருவதால் கோடு தட்டையாகத் தோன்றும். நடுவில் இட்லி சாப்பிட்டால் குடலுக்கு இரத்தம் திரும்பிக் கோடு வளையும், அழுத்தமும் இறங்கும். இவை தெரியாதவர் கையில் அந்தக் கோடு வழிதவறச் செய்யும்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் 443 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2005-ல் வெளியான சோதனையில், இந்தக் கோட்டைப் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்கள் மருத்துவமனையில் சேர நேர்ந்ததும் இறந்ததும், வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஒப்பீட்டுக் குழுவின் இறப்பு விகிதம் அந்நாட்டின் வழக்கத்தைவிடக் குறைவாக அமைந்துவிட்டதால் அப்படித் தெரிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். அதை ஏற்றுக்கொண்டாலும், கருவி நன்மை செய்தது என்று சொல்ல அந்தச் சோதனையில் இடமில்லை. கோட்டைப் பார்த்து இயந்திரமே நீர் எடுக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி ஏற்பாடு இதைவிட மேல். இத்தாலியில் சான்டோரோ குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி அழுத்தம் சரியும் நோயாளிகளுக்கு அந்தச் சரிவு ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்தது. ஆகவே இந்த வசதி உள்ள இயந்திரம் கிடைத்தால் பயன்படுத்தலாம். இதற்காகவே மருத்துவமனை மாற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

சதவீதத்தை விட்டு உண்மையான லிட்டர் கணக்கை அறியும் வழியும் இருக்கிறது. ஹீமோடயாஃபில்ட்ரேஷன் வசதியுள்ள இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தி 240 மில்லி திரவத்தை ஒரே வீச்சில் இரத்தத்துக்குள் செலுத்தி, கோடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். ஐந்து சதவீதம் ஏறினால், 240-ஐ 0.05-ஆல் வகுக்கக் கிடைக்கும் 4,800 மில்லிதான் அவருடைய இரத்த அளவு. கிலோவுக்கு 65 மில்லிக்குக் கீழே போனால் பலருக்கு அழுத்தம் சரிகிறது என்று இம்முறையை வளர்த்த ஜெர்மானிய, ஆஸ்திரிய மருத்துவர்கள் கண்டார்கள். கருத்தளவில் எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், ஏனெனில் கேட்க வேண்டிய கேள்வியை இது நேராகக் கேட்கிறது. ஆனால் பெரிய ஒப்பீட்டுச் சோதனைகளின் துணை இதற்கு இன்னும் இல்லாததால், இதை நம்பி ஒருவரின் சிகிச்சையை மாற்றச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

கையிலும் காலிலும் மின்முனை ஒட்டி மெல்லிய மின்னோட்டத்தால் உடல் நீரை அளக்கும் பயோ-இம்பீடன்ஸ் கருவி வேறு வகை. உடலில் எத்தனை லிட்டர் நீர் மிகுதியாக இருக்கிறது என்று சில நிமிடங்களில் எண்ணாகச் சொல்லிவிடும். செல்லுக்கு வெளியே உள்ள நீரில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் மிகுதி இருப்பவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல் என்பது நன்கு அறியப்பட்டது. சதையையும் நீரையும் பிரித்துக் காட்டுவதே இதன் பெரிய பயன். ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தவருக்குச் சதை மூன்று கிலோ கரைந்திருக்கும். எடை இயந்திரம் பழைய எடையையே காட்டினால், கரைந்த சதையின் இடத்தில் நீர் நிரம்பியிருக்கிறது என்று பொருள். புதிதாக டயாலிசிஸ் தொடங்கிப் பசி திரும்பியவருக்கு நேர்மாறாக நடக்கும். பழைய உலர் எடைக்கே இறக்கினால் அவர் வறண்டுபோவார். அழுத்தம் சரிவதற்கு இந்தக் கவனக்குறைவு எத்தனையோ முறை காரணமாகிறது. என்றாலும் இக்கருவி மிகுதி நீர் இரத்தக் குழாய்க்குள் இருக்கிறதா, காலில் தேங்கியிருக்கிறதா என்று சொல்லாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. கால் அகற்றப்பட்டவர்களுக்குக் கணக்குப் பிசகும். ருமேனியாவில் நடந்த சிறிய சோதனை ஒன்று உயிர் காக்கும் பலன் இருப்பதாகக் காட்டியது. எஞ்சிய சிறுநீரகத் திறனைக் காக்க உதவுமா என்று பிரிட்டனில் பார்த்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. நுரையீரலை அல்ட்ராசவுண்டால் பார்க்கும் முறையின் நிலையும் இதை ஒத்தது. 2021-ல் வெளியான ஐரோப்பியச் சோதனையில் இதய நோயுள்ள 367 பேரிடம் அது நுரையீரல் நீரைக் குறைத்தது, ஆனால் இறப்பையும் மாரடைப்பையும் சேர்த்துப் பார்த்த முதன்மைக் கணக்கில் தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை.

கருவி எதுவும் இல்லாத பழைய முறை இவற்றோடு நிற்கத் தகுந்தது என்பதைத் தயங்காமல் சொல்வேன். வாரக்கணக்கில் சிறிது சிறிதாக, 200 மில்லி, 300 மில்லி என்று உலர் எடையைக் குறைத்து, நோயாளியைக் கேட்டு, காலை அழுத்திப் பார்த்து, வீட்டு அழுத்தத்தைக் குறித்து வைத்துப் போவதுதான் அம்முறை. ராஜீவ் அகர்வால் குழுவினர் 150 பேரிடம் நடத்தி 2009-ல் வெளியிட்ட சோதனையில், எட்டு வாரத்தில் ஒரு கிலோ குறைத்ததற்கே மேல் அழுத்தம் ஒப்பீட்டுக் குழுவைவிட 6.6 புள்ளி கூடுதலாக இறங்கியது; மாத்திரை எதையும் கூட்டவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பயோ-இம்பீடன்ஸ் பார்க்க முடிந்தால் இம்முறைக்கு அது நல்ல துணை. மருத்துவர் கையும் கண்ணும் வைத்துப் பார்க்காத இடத்தில் எந்தக் கருவியும் அவற்றுக்கு ஈடாகாது.

இனி வேகம். மேலே சொன்ன 60 கிலோ மனிதருக்கு நான்கு மணி நேரத்தில் 3.5 லிட்டர் எடுத்தால் மணிக்கு 875 மில்லி, அதாவது கிலோவுக்கு 14.6 மில்லி ஆகிறது. மணிக்குக் கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்கப்பட்டவர்களுக்கு இறப்பு, குறிப்பாக இதயத்தால் வரும் இறப்பு, கூடுதலாக இருந்ததை ஃப்ளைத் குழுவினர் 2011-ல் காட்டினார்கள். அதே நீரை ஐந்து மணி நேரத்தில் எடுத்தால் 11.7 மில்லிதான். புதிய இயந்திரமோ மருந்தோ எதுவும் வாங்காமல், ஒரு மணி நேரம் கூட்டியதாலேயே அபாய எல்லைக்கு இப்பால் வந்துவிடுகிறார். அழுத்தம் சரியும் ஒவ்வொரு முறையும் இதயத் தசையின் சில பகுதிகள் இரத்தம் போதாமல் செயலிழந்து நிற்பதை மக்கின்டையர் குழுவினர் எக்கோவில் கண்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப இது நேரும்போது அந்தத் தசை நிலையாகவே பழுதடைகிறது. டயாலிசிஸ் ஊசி போடக் கையில் அமைத்த ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்வதற்கும் தாழ்ந்த அழுத்தம் ஒரு காரணம். இவ்வளவையும் தடுக்கக்கூடிய கூடுதல் மணி நேரத்தை ஆடம்பரம் என்று யாரும் எண்ணக்கூடாது.

நீண்ட டயாலிசிஸின் பலனுக்குப் பிரான்சில் தசான் என்னும் ஊரின் அனுபவம் பல பத்தாண்டுகளாகச் சான்று. பெர்னார் ஷாராவும் உடனிருந்தோரும் அங்கே வாரம் மூன்று முறை எட்டு எட்டு மணி நேரம் டயாலிசிஸ் செய்து, உப்பையும் குறைத்தார்கள். அவர்களுடைய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அழுத்த மாத்திரையே தேவைப்படவில்லை. வாரம் ஆறு முறை செய்து பார்த்த அமெரிக்கச் சோதனையில், 2010-ல் வெளியான முடிவின்படி இதயத் தடிப்பு குறைந்தது, அழுத்தம் சீரடைந்தது. ஆனால் ஃபிஸ்டுலாவுக்கு அடிக்கடி சீரமைப்பு தேவைப்பட்டது. நம் ஊர் மருத்துவமனைகளில் ஒரு நாளில் மூன்று ஷிஃப்ட் ஓடும்போது எட்டு மணி நேரம் கேட்பது நடக்கும் காரியமல்ல. நான்கரையோ ஐந்தோ கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு அரை மணி முன்பே "போதும், கழற்றிவிடுங்கள்" என்று நோயாளியே கேட்பது இதற்கு நேர் எதிரானது. அவருடைய களைப்பு புரிகிறது. ஆனாலும் அந்த அரை மணியின் விலை பெரிது.

உப்புதான் இத்தனையிலும் மலிவான வழி, அதனாலேயே அலட்சியம் செய்யப்படுவதும். உடலில் தங்கும் ஒவ்வொரு 8 கிராம் உப்பும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கிறது. தாகத்தை உண்டாக்குவது உப்பு. உப்பைப் பற்றிக் கேட்காமல் தண்ணீரை மட்டும் அளந்து கொடுப்பது நோயாளியை வதைப்பதே தவிர வேறல்ல. சித்திரை வெயிலில் வறண்ட நாக்கோடு இருப்பவரிடம் "ஒரு லிட்டருக்கு மேல் குடிக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வைத்தால் அவர் என்ன செய்வார்? நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்லும் அளவு. டயாலிசிஸ் நோயாளி அந்த எல்லையைக் காத்தாலே எடை கூடுவது கண்ணுக்குத் தெரியக் குறையும். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பை மட்டும் தொடவே கூடாது. அது இதயத்தை நிறுத்திவிடக்கூடும். மருத்துவமனைப் பக்கமும் இதில் பொறுப்பு உண்டு. டயாலிசேட்டில் சோடியத்தை முதலில் உயர்த்தி வைத்துப் பின்பு இறக்கும் முறை அன்றைய தினத்து அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தாலும், நோயாளியை உப்போடும் தாகத்தோடும் வீட்டுக்கு அனுப்புகிறது. தேர்வுகளில் நான் முழுமையாக விலக்குவது இதைத்தான்.

குளிர்ந்த டயாலிசேட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரை டிகிரி குறைத்தால் குழாய்கள் சுருங்கி அழுத்தம் சரியாமல் நிற்கிறது, பலருக்கு இதமாகவும் இருக்கிறது, செலவு எதுவும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 15,413 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2022-ல் வெளியான சோதனையில், எல்லாருக்கும் பொதுவாகக் குறைத்ததால் இதய நோயோ இறப்போ குறையவில்லை, குளிர் தாங்கவில்லை என்றவர்கள் கூடினார்கள். அழுத்தம் சரிபவருக்கு மட்டும் முயன்று பார்க்கலாம். ஹீமோடயாஃபில்ட்ரேஷன் 1,360 பேரைக் கொண்ட ஐரோப்பியச் சோதனையில் 2023-ல் இறப்பை 21.9 சதவீதத்திலிருந்து 17.3 சதவீதமாகக் குறைத்துக் காட்டியது. மதிக்கத்தக்க முடிவு இது. ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் 23 லிட்டர் அளவுக்குத் திரவம் மாற்றப்பட்டது. நல்ல ஃபிஸ்டுலாவும் மிகத் தூய நீரும் இல்லாமல் அந்த அளவை எட்ட முடியாது. இயந்திரத்தின் பெயரைக் கேட்டுக் கூடுதல் பணம் கட்டும் முன், எத்தனை லிட்டர் மாற்றுகிறீர்கள் என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் பலருக்கு உண்மையான கேள்வி இவை எதுவுமல்ல, வாரத்துக்கு இரண்டு முறையா மூன்று முறையா என்பதே. வாரம் இருமுறை செய்பவருக்கு எல்லா இடைவெளியும் நீண்ட இடைவெளிதான். மூன்று முறை செய்பவர்களிடமே வார இறுதியின் அந்த நீண்ட இடைவெளிக்குப் பிறகு இறப்பும் இதயச் சிக்கலும் கூடுவதை 2011-ல் அமெரிக்கத் தரவுகள் காட்டின. சிறுநீர் நன்றாகப் போகும்வரை இருமுறை போதலாம். அது நின்ற பிறகும் இருமுறையே தொடர்ந்தால், ஐந்து கிலோ நீரை எந்தக் கருவியாலும் பாதுகாப்பாக எடுக்க முடியாது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் அரசு மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் கிடைக்கும் நிலையில், மூன்றாவது முறைக்கு இடம் கேட்டு வாங்குவதே பலருக்கு முதல் வேலையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பேருந்தில் ஐம்பது கிலோமீட்டர் வர வேண்டியவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன்.

அப்படிப்பட்டவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸைக் கடைசி யோசனையாக வைக்காமல் தொடக்கத்திலேயே பேச வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் மாற்றும்போது நீர் இரவும் பகலும் மெதுவாக வெளியேறுவதால் இரத்த அளவு ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. எஞ்சிய சிறுநீரும் நீண்ட காலம் போய்க்கொண்டிருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வயிற்றறையில் கிருமித்தொற்று வரும் அபாயமும், சர்க்கரை உடலில் சேர்வதும், சில ஆண்டுகளில் வயிற்றுச் சவ்வு நீரை வெளியேற்றும் திறனை இழப்பதும் இதன் குறைகள். சுத்தமான ஓர் அறையும், கைகழுவி முறையாகச் செய்யும் ஒருவரும் வீட்டில் இருந்து, இதயம் பலவீனமாகி, ஒவ்வொரு டயாலிசிஸிலும் அழுத்தம் சரிபவருக்கு, விலையுயர்ந்த இயந்திரத்தைத் தேடுவதைவிட இதையே நான் முன்வைப்பேன். வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சைகள் நடந்தவர்களுக்கும் குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் இந்த வழி அமையாது. அவர்களுக்கு மூன்றாவது முறையும் ஐந்தாவது மணி நேரமும்தான் கேட்க வேண்டியவை.